இடுப்பில் மறையும் துப்பாக்கியும் ஏட்டில் மறையும் பரீட்சையும்

ஐக்கிய அமெரிக்காவிலே கைத்துப்பாக்கி ஒன்றை உடைக்குள் மறைத்துக்கொண்டு நடமாட விரும்பும் குடிமகன், கடைவாயிலைத் தாண்டியதும் எதிர்கொள்ளும் முதல் வினா அதன் அளவைப் பற்றியதாகும். நடுத்தர அளவினதை வாங்குவதா, அதனினும் சிறியதை வாங்குவதா? முன்னதைக் 'கொம்பக்ட்' என்றும் பின்னதைச் 'சப்கொம்பக்ட்' என்றும் அந்நாட்டார் வழங்குவர். சமஷ்டிச் சட்டம் எதிலும் இவ்விரு சொற்களுக்கும் வரைவிலக்கணம் இல்லை. உற்பத்தியாளர் தத்தம் சரக்குக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர்கள் இவை. ஒருவர் சிறியது என்பதை இன்னொருவர் நடுத்தரம் என்பார்.

இது வாங்குவோனும் விற்போனும் தம்முள்ளே தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறைக் காரியம் என்று ஒதுக்கிவிடுவோர் அங்கு மிகப் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. சுடுபவன் கையிலே துப்பாக்கி எவ்வளவு சிறுத்துப்போகின்றதோ அவ்வளவுக்கு அவன் குறி தவறுகின்றது. தவறிய ரவை எங்கோ போய்த்தான் தீரவேண்டும். ஆகவே, அளவு பற்றிய வினா தெருவிலே போகும் மூன்றாம் மனிதனின் உயிரைப் பற்றிய வினாவுமாகும். அம்மூன்றாம் மனிதனுக்காகப் பேசவேண்டிய சட்டமோ, மாநிலம் மாநிலமாக வாய்மூடிக்கொண்டு வருகின்றது.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். 1988ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த 'குளொக் 19' என்னும் கைத்துப்பாக்கியை நடுத்தர அளவுக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். அதன் குழல் நான்கு அங்குலம். முழு நீளம் ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல். ரவைக்கூட்டிலே 15 ரவைகள் அடங்கும். வெறுங்கூட்டோடு அதன் நிறை ஏறத்தாழ 670 கிராம். சிறிய வகைக்கு 2018ஆம் ஆண்டிலே வெளிவந்த 'சிக் சவர் பி 365' என்பதைக் கொள்வோம். குழல் மூன்று அங்குலத்தை மயிரிழை தாண்டும். முழு நீளம் ஆறு அங்குலத்துக்கும் குறைவு. தடிப்பு ஓர் அங்குலம். நிறை ஏறத்தாழ 500 கிராம். அப்படியிருந்தும் ரவைக்கூட்டிலே 10 ரவைகள் அடங்குகின்றன. அதற்கு மூன்றாண்டு முன் வந்த 'குளொக் 43' என்னும் மெல்லிய துப்பாக்கியிலே ஆறுதான் அடங்கின. இரண்டு வகையும் சுடுவது ஒரே 9 மில்லிமீற்றர் தோட்டாவைத்தான் என்பதை வாசகர் மறத்தலாகாது. சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கின்றது.

தோட்டா ஒன்றாயின் அது பின்னே தள்ளும் உந்தமும் ஏறக்குறைய ஒன்றே. அவ்வுந்தத்தை ஏற்கும் பொருள் இலேசாயின் அது வேகமாகப் பின்வாங்கும். 670 கிராமை விட்டு 500 கிராமுக்கு வரும்போது, கை தாங்கவேண்டிய உதைப்பின் சக்தி மூன்றிலொரு பங்கு அதிகரிக்கின்றது. பயிரைப் பன்றியிடமிருந்து காக்கத் துவக்குப் பிடித்த கமக்காரனுக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை. இலேசான துவக்கு தோளை எப்படி உதைக்கும் என்பது அவனுடைய தோளுக்குத் தெரியும். ஆனால் கைத்துப்பாக்கிக்குத் தோளின் துணையும் இல்லை. பிடியும் குறுகியதாதலின் சுண்டுவிரல் பற்றுவதற்கு இடமின்றித் தொங்குகின்றது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவதால், கண்ணுக்குப் புலனாகாத சிறு சரிவு இலக்கிலே பெரும் பிழையாகின்றது. மேலும், சிறிய துப்பாக்கியின் மேற்பாகத்தை முன்தள்ளும் சுருள்வில் பொதுவாக இறுக்கமானது. மெலிந்த கையினருக்கும் முதியோருக்கும் உகந்தது எனக் கடைக்காரர் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் இந்தச் சிறியதைத்தான். பழக்கமற்ற மெலிந்த கைக்கு மிகக் கடினமானதும் இதுவே என்பதை அதே மூச்சில் சொல்லும் கடைக்காரர் எத்தனை பேரோ!

சிறியதன் பக்கத்திலும் நியாயம் உண்டு. ரெக்சாசின் கோடையிலே மெல்லிய சட்டை ஒன்றுக்கு மேல் எவன் உடுப்பான்? நடுத்தரத் துப்பாக்கி அச்சட்டையினூடே புடைத்துத் தெரியும். மேசை முன் எட்டு மணி நேரம் குந்தியிருப்பவனின் விலாவிலே அது குத்தும். பெண்களின் உடைகளிலே அதற்கு இடமே இல்லை. இவ்வாறு தொல்லைப்பட்டவர், நல்ல நாள் பார்த்து அதனை வீட்டிலே விட்டுச் செல்லத் தொடங்குவர். பெட்டியிலே கிடக்கும் பெரிய துப்பாக்கியிலும் இடுப்பிலே இருக்கும் சிறிய துப்பாக்கி மேல் என்பது அவர்களது வாதம். தற்காப்பையே நோக்கமாகக் கொண்டால் இவ்வாதத்தை எளிதிலே தள்ளிவிட முடியாது. அத்துடன், தற்காப்புச் சம்பவம் சில யார் தூரத்துக்குள்ளேயே நடந்து முடிவது, அத்தூரத்திலே குழலின் நீளம் ஒரு பொருட்டன்று என்றும் அவர்கள் கூறுவர்.

எமது தீர்ப்பை மறைக்காமற் கூறுவதாயின், மறைத்தேதான் செல்வேன் என்று உறுதி பூண்டவனுக்கு நாம் நடுத்தரத்தையே சொல்வோம். சிறியது சுமப்பவனுக்குச் சுகமானது, சுடுபவனுக்குச் சுகமானதன்று. உற்பத்தியாளரும் இதனைத் தம் செயலால் ஒப்புக்கொண்டுவிட்டனர். 'பி 365' வந்த அடுத்த ஆண்டே, 2019இல், அதே துப்பாக்கியின் குழலையும் பிடியையும் நீட்டி 'எக்ஸ் எல்' என்ற பெயருடன் வெளியிட்டனர். 'குளொக் 43' உம் அதே ஆண்டிலே பிடி நீண்டு '43 எக்ஸ்' ஆயிற்று. சுண்டுவிரலுக்கு இடம் வேண்டும் என்று வாங்கியவர் கேட்டிராவிட்டால் இந்த நீட்டலுக்கு அவசியம் ஏது?

இனி, சட்டத்தின் பக்கம் திரும்புவோம். கைத்துப்பாக்கியின் அளவிலே அமெரிக்கச் சட்டம் தலையிடுவது புதிதன்று. மறைத்துச் செல்லுதல் கோழையின் செயல், வெளிப்படையாகத் தாங்குதல் வீரனின் செயல் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்ணம். கென்ரக்கியும் லூயிசியானாவும் 1813ஆம் ஆண்டிலேயே மறைத்துச் செல்வதைக் குற்றமாக்கின. 1865இல் ஆபிரகாம் லிங்கனின் உயிரைக் குடித்தது உள்ளங்கைக்குள் அடங்கும் 'டெரிஞ்சர்' என்னும் சிறு துப்பாக்கியே. 1879இல் தெனெசியும் 1881இல் ஆர்க்கன்சாவும் இயற்றிய சட்டங்கள் இன்னும் சுவையானவை. தரைப்படையும் கடற்படையும் கையாளும் பெரிய கைத்துப்பாக்கிகளை விட்டுவிட்டு, சட்டைப்பையிலே அடங்குவனவற்றின் விற்பனையை அவை தடுத்தன. பெரியது விலை கூடியது, சிறியது மலிவானது. ஆதலின் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின ஏழைகளின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிப்பதே அச்சட்டங்களின் அந்தரங்கம் என்று எழுதிய ஆராய்ச்சியாளரும் உளர். 1911இல் நியூயோர்க் மாநிலம் இயற்றிய 'சலிவன்' சட்டமும், மறைக்கத்தக்க அளவினதாகிய துப்பாக்கிக்கே அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது.

1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டிலிருந்து வரும் கைத்துப்பாக்கிகளுக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்று வகுக்கப்பட்டது. அரைத்தானியங்கி வகையாயின் நீளமும் உயரமும் சேர்ந்து 10 அங்குலத்துக்குக் குறையலாகாது. விளைவு யாது? சிறியவை ஒழிந்தனவா? இல்லை. வெளிநாட்டுக் கம்பனிகள் உள்நாட்டிலே தொழிற்சாலை திறந்தன. ஒஸ்திரியக் கம்பனியான குளொக் தன் மிகச் சிறிய 42ஆம், 43ஆம் இலக்கங்களை ஜோர்ஜியா மாநிலத்திலேயே செய்து விற்றது. பின்னர் 1994ஆம் ஆண்டுச் சட்டம், பத்து ரவைகளுக்கு மேல் கொள்ளும் புதிய கூடுகளைப் பொதுமக்களுக்கு விற்பதைப் பத்தாண்டு காலத்துக்குத் தடுத்தது. பத்துக்கு மேல் கூடாதென்றால் பதினைந்துக்குரிய பருமன் எதற்கு? பத்து ரவைகளைக் கொள்ளும் குறுந் துப்பாக்கிகள் அத்தசாப்தத்திலே செழித்ததற்கு அச்சட்டமே ஒரு தூண்டுகோலாயிற்று. சட்டம் 2004இல் காலாவதியாயிற்று. குறுந் துப்பாக்கி காலாவதியாகவில்லை. பொருளின் அளவை அளந்து சட்டம் செய்பவன் எப்பொழுதும் உற்பத்தியாளனுக்கு ஓரடி பின்னாலேயே ஓடவேண்டியிருக்கும் என்பதற்கு இவை போதிய சான்று.

அப்படியானால் அளக்கவேண்டியது எதனை? துப்பாக்கியை அன்று, அதனைப் பிடிக்கும் கையை. ஆனால், அமெரிக்க மாநிலங்கள் நெடுங்காலம் அளந்துவந்தது கையையும் அன்று, ஆளின் முகத்தையே. மறைத்துச் செல்லத் தக்க காரணம் உண்டா, ஆள் தகுந்தவனா என்பதை ஷெரீப்போ நீதவானோ தம் விருப்பப்படி தீர்மானித்தனர். 1956ஆம் ஆண்டு ஜனவரியிலே மார்ட்டின் லூதர் கிங்கின் இல்லத்தின் மீது குண்டு வீசப்பட்டது. அதன்பின் அவர் அலபாமாவிலே கைத்துப்பாக்கி மறைத்துச் செல்லும் அனுமதிக்கு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டார். உயிருக்கு ஆபத்து என்பதற்கு இதனிலும் சான்று வேறு என்ன வேண்டும்? அதிகாரியின் விருப்பம் என்பது சிறுபான்மையினனுக்கு எக்காலத்தும் எத்திசையிலும் ஒரே முகத்தைத்தான் காட்டும். எமது வாசகருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆகவே, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே அமெரிக்க உயர் நீதிமன்றம், நியூயோர்க் மாநிலத்தின் 'தக்க காரணம்' என்னும் நிபந்தனை அரசியல் யாப்பின் இரண்டாவது திருத்தத்துக்கு முரணானது எனத் தள்ளியபோது, அதிகாரியின் விருப்பம் ஒழிந்தமட்டில் நாம் வருந்தவில்லை. நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ் எழுதிய அத்தீர்ப்பு, தகுதியுடையார் யாவருக்கும் அனுமதி வழங்கும் மாநிலங்கள் வேண்டும் பயிற்சியையும் பின்புலச் சோதனையையும் குற்றங் கூறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. நீதிமன்றம் திறந்துவிட்டது ஒரு கதவை மட்டுமே. கதவோடு சுவரையும் இடித்தவை மாநில சட்டசபைகள். வேர்மொன்ற் மாநிலம் என்றுமே அனுமதி கேட்டதில்லை. அலாஸ்கா 2003இலும், அரிசோனா 2010இலும், ரெக்சாஸ் 2021இலும், புளோரிடா 2023இலும் அனுமதிப்பத்திரமின்றியே மறைத்துச் செல்லலாம் என விட்டன. 2024ஆம் ஆண்டளவில் இத்தகைய மாநிலங்கள் 29 ஆயின. பத்திரம் போகவே பத்திரத்தோடு ஒட்டியிருந்த பரீட்சையும் போயிற்று. தினந்தோறும் கைத்துப்பாக்கி தாங்கிச் செல்வோரின் தொகையோ, 2015இல் ஏறத்தாழ 30 இலட்சமாக இருந்தது, 2019இல் 60 இலட்சமாயிற்று என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர்.

பயிற்சி பெற்ற கை எவ்வளவுக்குக் குறி தவறும் என்பதற்கு நியூயோர்க் நகரப் பொலிசாரே அளவுகோல். 1998 முதல் 2006 வரையான காலத்தை ஆராய்ந்த 'ரான்ட்' நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டு அறிக்கையின்படி, எதிரியும் திருப்பிச் சுட்ட சந்தர்ப்பங்களிலே பொலிசாரின் ரவைகளுள் இலக்கைத் தைத்தவை நூற்றுக்கு 18. எதிரி திருப்பிச் சுடாதபோதும் நூற்றுக்கு 30. எஞ்சியவை எங்கே போயின? 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் முன் கொலைகாரன் ஒருவனை நோக்கிப் பொலிசார் இருவர் 16 முறை சுட்டனர். அவன் வீழ்ந்தான், அவனோடு வழியே சென்றோர் ஒன்பது பேரும் பொலிசாரின் ரவைகளாலும் அவற்றின் சிதறல்களாலும் காயப்பட்டனர். இவர்கள் சம்பளம் பெற்றுப் பயில்பவர்கள். ஆண்டுதோறும் சுடுதளத்துக்கு அனுப்பப்படுபவர்கள். சட்டைப்பைத் துப்பாக்கியை ஒரு முறையேனும் சுட்டுப் பாராதவன் ஒருவன், அச்சத்திலே கை நடுங்க, சந்தைக் கூட்டத்தின் நடுவே அதனை உருவினால் நிகழப்போவதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறுபக்கத்துச் சான்று ஒன்றையும் மறைப்பது நேர்மையன்று. 2022 ஜூலையிலே இந்தியானா மாநிலத்தின் கிறீன்வூட் நகர அங்காடியொன்றிலே கொலைகாரன் ஒருவன் மூவரைக் கொன்றான். 22 வயது இளைஞன் ஒருவன் தன் கைத்துப்பாக்கியால் வெகு தூரத்திலிருந்து அவனைச் சுட்டு வீழ்த்தினான். பத்து ரவைகளில் எட்டுத் தைத்தன. அருகிருந்த எவருக்கும் ஊறு நேரவில்லை. துப்பாக்கிக் கட்சியார் இச்சம்பவத்தை இன்றும் எடுத்தோதுகின்றனர், ஓதட்டும். ஆனால் அவ்விளைஞன் பொலிசிலும் சேராதவன், படையிலும் சேராதவன். சுடுதலைப் பாட்டனாரிடம் முறையாகக் கற்றவன். அங்கு உயிர் காத்தது அக்கல்வியே. அதனை எல்லோரிடமும் கேட்பது உரிமைமீறல் என்று சொல்பவர், அதே இளைஞனை எவ்வாறு உதாரணம் காட்ட முடியும்?

சிறியதன் வேறொரு தீங்கையும் இங்கே சொல்லவேண்டும். இடுப்பிலே உறைக்குள் கிடக்கும் துப்பாக்கி தன்னை மறக்கவிடாது. இலேசானதோ கைப்பைக்குள்ளும் போய்விடும். 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியிலே ஐடகோ மாநிலத்துப் பெருங்கடை ஒன்றிலே, இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையைத் திறந்து உள்ளிருந்த துப்பாக்கியை எடுத்தது. தாய் அவ்விடத்திலேயே மாண்டாள். அவள் அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தவள். துப்பாக்கிக்கெனவே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை அது. பத்திரம் இருந்தது, பை இருந்தது; உடலோடு ஒட்டிய உறை இல்லை. இதற்கு மேல் அச்சம்பவத்தைப் பற்றி எழுத மனம் ஒப்பவில்லை.

எமது யோசனை இதுதான். மறைத்துச் செல்ல விரும்புபவனிடம் ஏன் என்று கேட்கவேண்டாம். நிறம், மதம், செல்வாக்கு எதனையும் கேட்கவேண்டாம். எதனைத் தாங்கிச் செல்லப்போகின்றானோ அதனையே கையிலெடுத்து, அதனாலேயே குறி தவறாமற் சுட்டுக்காட்டும்படி மட்டும் கேட்கட்டும். 'அதனாலேயே' என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே அழுத்துகின்றோம். ரெக்சாஸ் மாநிலத்தின் பரீட்சையையே பாருங்கள். 3, 7, 15 யார் தூரங்களிலிருந்து 50 ரவைகள் சுடவேண்டும். விரும்புவோர் இன்றும் அதற்குத் தோற்றிப் பத்திரம் பெறலாம். நல்ல பரீட்சைதான். ஆயின் வாடகைக்கு எடுத்த பெரிய துப்பாக்கியாலே சுட்டுச் சித்தியடைந்துவிட்டு, மறுநாள் உள்ளங்கையளவினதைச் சட்டைப்பையிலே போட்டுக்கொண்டு போகலாம்! உழவு யந்திரம் ஓட்டிக்காட்டியவனுக்கு மோட்டார் சைக்கிளுக்கும் சேர்த்துப் பத்திரம் கொடுப்பது போன்றது இது. முன்னர் அங்கேயே ஒரு வேறுபாடு இருந்தது. சுழல் துப்பாக்கியாலே பரீட்சை எடுத்தவன் அரைத்தானியங்கியைத் தாங்கலாகாது என்றிருந்தது. 2013இல் அதனையும் நீக்கினர். நியூ மெக்சிக்கோ, துப்பாக்கியின் வகையையும் குழல் விட்டத்தையும் பத்திரத்திலே பொறிக்கும் முறையை 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலே புகுத்திற்று. கலிபோர்னியா இன்னும் ஒருபடி மேலே சென்றது. 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம், 16 மணி நேரப் பயிற்சியை விதித்ததோடு, பத்திரத்திலே குறிக்கப்படும் ஒவ்வொரு துப்பாக்கியாலும் விண்ணப்பகாரர் சுட்டுக்காட்டவேண்டும் என்கின்றது. ஏனைய பலவற்றிலே கலிபோர்னியாவோடு நாம் உடன்படமாட்டோம். இந்த ஒரு விதி நேரானது.

இவ்விதி நிலவினால், கொம்பக்ட்டா சப்கொம்பக்ட்டா என்னும் வினாவுக்குக் கடைக்காரனிடம் போய் விடை கேட்க வேண்டியதில்லை, சுடுதளமே சொல்லிவிடும். சிறியதாலும் நேரே சுடவல்ல கை சிலருக்கு உண்டு. அவர் சிறியதையே தாங்கிச் செல்லட்டும். மற்றவர் அடுத்த முறை சற்றுப் பெரியதோடு வருவர். அளவை விதிக்கும் சட்டம் எதுவுமின்றியே, கையாளமுடியாத சிறியவை சந்தையிலே தாமாகக் குறையும் என்பது எமது எதிர்பார்ப்பு. 1968இலும் 1994இலும் கைகூடாதது இவ்வழியிலே கைகூடக்கூடும்.

ஒரே ஒரு தடையை மட்டும் நாம் பாரதூரமாக எடுத்துக்கொள்கின்றோம், அது பணம். கலிபோர்னியாவிலே சில கவுண்டிகளில் கட்டணம், வகுப்பு, சோதனை எல்லாம் சேர்ந்து பல நூறு டொலர் ஆகின்றன. இரவு வேலை முடிந்து ஆளரவமற்ற தெருவிலே தனியே நடந்து வீடு திரும்பும் தாதிக்கும், கடை கூட்டிப் பிழைப்பவனுக்கும் அது எட்டாத தொகை. தெனெசியின் பழைய சட்டம் விலையாலே செய்ததைப் புதிய சட்டம் கட்டணத்தாலே செய்துவிடலாகாது. ஆகையால், வகுப்பை மாநிலமே நடத்தட்டும். சுடுதளத்தை இலவசமாகத் திறந்துவிடட்டும். வேண்டிய ஐம்பது ரவைகளையும் தன் செலவிலேயே கொடுக்கட்டும். துப்பாக்கி வரி என்று உற்பத்தியாளரிடம் சமஷ்டி அரசாங்கம் 1919ஆம் ஆண்டு முதல் அறவிட்டு வருகின்றது. கைத்துப்பாக்கிக்கு அது நூற்றுக்குப் பத்து. அதன் ஒரு பகுதி இன்றும் சுடுதளங்கள் அமைப்பதற்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. தளமும் உண்டு, பணமும் உண்டு. வேண்டியது, ஒருவனுடைய ஓர் பிற்பகல்.